பழைய ரூட்டரில் வைஃபை பாதுகாப்பை மாற்றுவது: எங்கிருந்து தொடங்குவது?

மலைச்சாரல் · வெள்ளி, இரவு 9.12

வணக்கம். அப்பா வீட்டு ரூட்டர் 2011இல் வாங்கியது. இத்தனை ஆண்டுகளாக யாரும் அதைத் தொட்டதில்லை. போன வாரம் அங்கே போயிருந்தபோது என் புதிய கைப்பேசியில் வைஃபை பெயருக்குக் கீழே "பலவீனமான பாதுகாப்பு" என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அப்பாவின் கைப்பேசியில் அப்படி எதுவும் வரவில்லை. அதனால் என் கைப்பேசியில்தான் கோளாறு என்று அவர் நினைக்கிறார்.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வயர்லெஸ் பாதுகாப்பு என்ற இடத்தில் "டபிள்யூபிஏ, டிகேஐபி" என்று இருக்கிறது. கீழே இழுத்தால் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, இரண்டும் கலந்தது என்று நான்கு தேர்வுகள். பக்கத்தில் டிகேஐபி, ஏஇஎஸ், ஆட்டோ என்று இன்னொரு பட்டியல். எதையும் மாற்றாமல் மூடிவிட்டேன். வீட்டில் ஒரு பழைய பிரிண்டரும், வைஃபையில் இயங்கும் ஒரு டிஜிட்டல் புகைப்படச் சட்டகமும் இருக்கின்றன. அம்மாவின் படங்கள் அதில்தான் ஓடுகின்றன. நான் எதையாவது மாற்றி, அது நின்றுபோனால் அப்பா மனம் உடைந்துவிடுவார்.

இன்னொன்று. இணையத் திட்டம் 100 எம்பிபிஎஸ். வயரில் 90க்கு மேல் வருகிறது. வைஃபையில் ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் 22ஐத் தாண்டுவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

புது ரூட்டர் வாங்க இன்னும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை என்ன செய்யலாம்?

விண்மீன்77 · வெள்ளி, இரவு 9.40

அந்த வயதுள்ள ரூட்டரைச் சீர்செய்வதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மாற்றிவிடுங்கள். எந்த அமைப்பை மாற்றினாலும் உள்ளே இருக்கும் மென்பொருள் பழையதுதான்.

செப்புக்கம்பி · வெள்ளி, இரவு 10.25

மாற்றத்தான் வேண்டும். அதற்காக இரண்டு மூன்று மாதங்கள் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. பத்து நிமிட வேலையை இன்றே செய்யுங்கள், ரூட்டரைப் பிறகு மாற்றுங்கள்.

முதலில் அந்தப் பெயர்கள். அவை ஒவ்வொன்றும் ஏன் பிறந்தன என்று தெரிந்தால் எதைத் தேர்வது என்பதில் குழப்பமே வராது.

டபிள்யூஇபி 1997இல் வந்த முதல் 802.11 தரத்தோடு, அதாவது வைஃபையின் முதல் தரத்தோடு, சேர்ந்தே வந்தது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் மாறவேண்டிய ஓர் எண்ணை அதில் வெறும் 24 பிட்டில் வைத்தார்கள். மொத்தமே 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான். நெரிசலான வலையமைப்பில் சில மணி நேரத்தில் தீர்ந்து, அதே எண்கள் திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் அதன் ஆர்சி4 மறையாக்கத்தில் சாவி கசியும் வழியைக் காட்டினார்கள். 2007இல் வந்த தாக்குதல் அதை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே டபிள்யூஇபியைப் பூட்டு என்றே எண்ண வேண்டாம்.

அது உடைந்தபோது உலகம் முழுக்கக் கருவிகள் விற்றாகிவிட்டிருந்தன. எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்ல முடியாது. அதே வன்பொருளில் ஓடும்படி 2003இல் ஓர் ஒட்டுப்போட்ட தீர்வு வந்தது. அதுதான் டபிள்யூபிஏ, அதன் மறையாக்க முறை டிகேஐபி. அடியில் ஓடியது அதே ஆர்சி4. சாவியைப் பொட்டலத்துக்குப் பொட்டலம் கலக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இடைக்காலத்துக்கு என்று சொல்லியே கொண்டுவந்தார்கள். 2004இல் டபிள்யூபிஏ2 வந்துவிட்டது. அது ஏஇஎஸ் என்ற முற்றிலும் வேறான மறையாக்கத்தில் நிற்கிறது. 2006 மார்ச் முதல் வைஃபை சான்றிதழ் பெறும் எந்தப் புதிய கருவிக்கும் டபிள்யூபிஏ2 கட்டாயமாயிற்று.

உங்கள் ரூட்டர் 2011ஐச் சேர்ந்தது. தன்னிடம் ஏஇஎஸ் இருந்தும் டிகேஐபியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அமைத்துக் கொடுத்தவர் அன்று எல்லாக் கருவிகளும் சேரட்டும் என்று அப்படி வைத்திருப்பார்.

வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பின்னால் வந்த வேகமான வைஃபை தரமான 802.11என் தரும் அதிவேகங்களை டிகேஐபியோடும் டபிள்யூஇபியோடும் பயன்படுத்தத் தரமே அனுமதிப்பதில்லை. அந்த முறைகளைத் தேர்ந்தால் கருவிகள் பழைய 54 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். 54 என்பது காகிதத்தில் உள்ள எண். கையில் கிடைப்பது 20இலிருந்து 25 வரை. நீங்கள் பார்த்த 22 அதுதான்.

எனவே உங்கள் தேர்வு: டபிள்யூபிஏ2 பர்சனல், பக்கத்துப் பட்டியலில் ஏஇஎஸ் மட்டும். "ஆட்டோ" வேண்டாம். அதற்குள் டிகேஐபி ஒளிந்திருக்கிறது.

மலைச்சாரல் · வெள்ளி, இரவு 10.51

மிக்க நன்றி ஐயா. இரண்டு ஆண்டுகளாக இணைய நிறுவனத்தோடு வேகத்துக்காகச் சண்டையிட்டிருக்கிறோம். அவர்கள் மீது தவறே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

"இரண்டும் கலந்தது" என்பதைத் தேர்ந்தால் என்ன? புதிய கருவிகள் டபிள்யூபிஏ2இல் சேரும், பிரிண்டரும் படச்சட்டகமும் பழையதில் சேரும். யாருக்கும் தொந்தரவு இல்லையே?

செப்புக்கம்பி · வெள்ளி, இரவு 11.20

எல்லோரும் விழுகிற பள்ளம் இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வைஃபையில் இரண்டு வகைச் சாவிகள் உண்டு. ஒன்று, உங்கள் கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் நடுவே மட்டும் உள்ள தனிச்சாவி. மற்றொன்று, ரூட்டர் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் செய்திகளுக்கான பொதுச்சாவி. "பிரிண்டர் எங்கே இருக்கிறது", "இந்த முகவரி யாருடையது" என்பது போன்ற அறிவிப்புகள் பொதுச்சாவியில்தான் போகும். அந்தச் செய்தியை வலையமைப்பில் உள்ள எல்லாக் கருவிகளாலும் படிக்க முடிய வேண்டும். அப்படியானால் மிகப் பழைய கருவிக்குத் தெரிந்த முறையில்தான் அதை அனுப்ப முடியும். கலப்பு முறையில் உங்கள் புதிய கைப்பேசி தன் தனிப்பட்ட உரையாடலை ஏஇஎஸ்ஸில் நடத்தினாலும், பொதுச் செய்திகள் எல்லோருக்கும் டிகேஐபியில்தான் வரும். பந்தியில் ஒருவருக்காக எல்லோர் இலையிலும் உப்பைக் குறைப்பது போல.

டிகேஐபிக்கு எதிராக 2008இலேயே பெக், டியூஸ் இருவரும் ஒரு தாக்குதலைக் காட்டினார்கள். அது கடவுச்சொல்லை வெளிக்கொணராது. சிறிய பொட்டலங்களைப் படிக்கவும், போலியாகச் சிலவற்றை உள்ளே செலுத்தவும் வழி தரும். பின்னால் வந்தவர்கள் அதை இன்னும் வளர்த்தார்கள். வீட்டுக்கு நாளையே திருடன் வருவான் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல் அதை வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை.

கலப்பு முறையைத் தேர்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பழைய கருவிக்கு உண்மையிலேயே டபிள்யூபிஏ2 தெரியாதா, அல்லது யாரும் கேட்டுப் பார்க்கவில்லையா?

நூலகத்தார் · சனி, காலை 6.35

பிரிண்டர் எந்த ஆண்டு? 2006க்குப் பிறகு வந்ததென்றால் பெரும்பாலும் டபிள்யூபிஏ2 தெரிந்திருக்கும். அன்று சேர்த்தபோது ரூட்டர் என்ன முறையில் இருந்ததோ அதையே நினைவில் வைத்துக்கொண்டு இருக்கும். பிரிண்டரின் சிறு திரையில் வலையமைப்புப் பகுதிக்குப் போய், பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பாருங்கள்.

அதுவும் முடியாவிட்டால் அதன் முதுகைப் பாருங்கள். பல பிரிண்டர்களில் வயர் செருகும் துளை ஒன்று ஒட்டுத்தாளால் மூடப்பட்டிருக்கும். அதில் ஒரு லேன் வயரைச் செருகி ரூட்டரோடு இணைத்தால் வைஃபை பற்றிய கவலையே இல்லை. எங்கள் வாசகசாலையில் ஒரு பிரிண்டர் ஏழு ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது.

மலைச்சாரல் · சனி, காலை 8.02

பிரிண்டர் 2008. படச்சட்டகம் எப்போது வாங்கியது என்று தெரியவில்லை, அதற்கும் முன்னால் என்று நினைக்கிறேன்.

நாளை அப்பா வீட்டுக்குப் போகிறேன். எந்த வரிசையில் செய்ய வேண்டும்? நடுவில் இணையமே நின்றுபோய், சரிசெய்ய இணையம் தேவைப்படும் நிலையில் மாட்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

செப்புக்கம்பி · சனி, காலை 8.44

அந்தப் பயம் நல்லது. அதனால்தான் முதல் வேலை எதையும் மாற்றாமல் இருப்பது. நிர்வாகப் பக்கத்தின் ஒவ்வொரு தாவலையும் திறந்து கைப்பேசியில் படம் எடுங்கள். முக்கியமாக இணைய இணைப்புப் பகுதி. அங்கே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வகை இணைப்பாக இருந்தால், அந்த இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் புள்ளிகளாகத்தான் தெரியும். அப்பாவிடம் பழைய காகிதம் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் நிறுவனத்தைக் கேட்டு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அது கையில் இல்லாமல் ரூட்டரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனவர்கள்தான் திங்கட்கிழமை வரை இணையம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு லேப்டாப்பை லேன் வயரால் ரூட்டரோடு இணையுங்கள். வைஃபையில் இருந்துகொண்டே வைஃபையை மாற்றினால், சேமி என்று அழுத்திய நொடியில் நீங்களே வெளியே விழுவீர்கள். வயரில் இருந்தால் எந்தத் தவறையும் திருத்தலாம்.

அடுத்து ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல்லும் இதுவும் வேறு என்பதே பலருக்குத் தெரியாது. பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டு இடத்திலும் "அட்மின்" என்று போட்டு உள்ளே போக முடிகிறதென்றால் அதை முதலில் மாற்றுங்கள். அதன் பிறகு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ், புதிய வைஃபை கடவுச்சொல்.

கடைசியாக டபிள்யூபிஎஸ். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணைக் கொடுத்தோ கருவியைச் சேர்க்கும் வசதி அது. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் என்று நினைப்போம். எட்டாவது இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். மேலும் ரூட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சோதித்து, முதல் பாதி தவறா என்பதைத் தனியே சொல்லிவிடுகிறது. ஆக முதல் நான்குக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகள் போதும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். உங்கள் ரூட்டர் அந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். இந்த எண் கிடைத்துவிட்டால் உங்கள் வைஃபை கடவுச்சொல் எத்தனை நீளமாக இருந்தாலும் ரூட்டரே அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும்.

சில பழைய ரூட்டர்கள் அணைத்துவிட்டதாகக் காட்டியும் அதை அணைக்கவில்லை. ஆண்ட்ராய்டில் வைஃபையை அலசிக் காட்டும் செயலி ஒன்றை வைத்துப் பாருங்கள். உங்கள் வலையமைப்பின் பெயருக்குக் கீழே டபிள்யூபிஏ2 என்பதோடு டபிள்யூபிஎஸ் என்றும் இருந்தால் அது இன்னும் விழித்திருக்கிறது.

கடலோசை · சனி, முற்பகல் 11.15

நான் எங்கள் வீட்டில் வைஃபை பெயரை மறைத்து வைத்திருக்கிறேன். தெரிந்த கருவிகளின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வலையமைப்பு அடையாள எண்) மட்டும் அனுமதித்திருக்கிறேன். இதைவிட எளிதான பாதுகாப்பு இல்லையே? இதை யாரும் ஏன் சொல்லவில்லை?

செப்புக்கம்பி · சனி, மதியம் 12.30

நீங்கள் அக்கறையோடு செய்திருக்கிறீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன்: இரண்டும் பாதுகாப்பு தருவதில்லை.

ரூட்டர் பெயரைச் சொல்லாவிட்டாலும், உங்கள் கைப்பேசி சேரும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் சேர்கிறது. காதுகொடுத்துக் கேட்பவருக்கு அது கிடைத்துவிடும். இன்னும் மோசம், பெயர் மறைந்திருப்பதால் உங்கள் கருவிகள் போகுமிடமெல்லாம் "அந்தப் பெயர் இங்கே இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே போகக்கூடும். வீட்டில் மறைத்ததை வெளியில் கூவிக்கொண்டு திரிகிறது.

மேக் முகவரி எந்த மறையாக்கத்திலும் மூடப்படுவதில்லை. ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துத் தன் கருவிக்கு அதே முகவரியை இட்டுக்கொள்வது மிக எளிது. தவிர, இன்றைய கைப்பேசிகள் தாமாகவே மேக் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. உங்கள் பட்டியல் உங்கள் வீட்டாரைத்தான் தடுக்கும். அந்த உழைப்பை நல்ல கடவுச்சொல்லில் போடுங்கள்.

கடலோசை · சனி, மதியம் 1.05

விருந்தாளிகள் வந்தால் படும் பாடு இதனால்தானா! இன்றே எடுத்துவிடுகிறேன். நல்ல கடவுச்சொல் என்றால் எப்படி? இப்போது எங்கள் கைப்பேசி எண்தான்.

தறிநெசவு · சனி, மாலை 4.48

கடவுச்சொல் பற்றி நான் எழுதுகிறேன், இதில் எனக்கு ஈடுபாடு அதிகம்.

டபிள்யூபிஏ2இல் உங்கள் கருவியும் ரூட்டரும் இணையும்போது நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றைப் பதிவு செய்துகொண்டு ஒருவர் போய்விடலாம். அதன் பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் வரவே தேவையில்லை. தன் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டு, பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். எத்தனை முறை தவறினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். 2018இல் கண்டறிந்த இன்னொரு வழியில், பல ரூட்டர்களுக்கு யாரும் இணைவதற்காகக் காத்திருக்கக்கூட வேண்டியதில்லை.

இதை மெதுவாக்கத்தான் கடவுச்சொல்லை வலையமைப்பின் பெயரோடு சேர்த்து 4,096 முறை அரைத்துச் சாவியாக்குகிறார்கள். ஆனால் இன்றைய கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பல லட்சம் கடவுச்சொற்களைச் சோதிக்கும். 8 இலக்க எண் சில நிமிடங்களில் விழும். 10 இலக்கக் கைப்பேசி எண் ஒரு நாளைத் தாண்டாது. பிறந்த தேதி, பெயரோடு 123 ஆகியவை முதல் பட்டியலிலேயே இருக்கும்.

பெயரோடு சேர்த்து அரைப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. ரூட்டர் கடையிலிருந்து வந்த பெயரையே வைத்திருந்தால், அந்தப் பெயருக்கு யாராவது முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருக்கலாம். பெயரை மாற்றுங்கள். வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ அதில் வேண்டாம்.

நான் பின்பற்றும் முறை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் குலுக்கலில் எடுப்பது. சில நூறு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்தால் பலன் குறைவு, அதனால் ஒரு பெரிய அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கும் இடத்தில் உள்ள சொல்லை எடுப்பேன். மனத்தால் தேர்ந்தால் மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தேர்கிறோம். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து சொற்களை எடுத்தால் வாய்ப்புகளின் எண்ணிக்கை 28க்குப் பின்னால் பதினெட்டுப் பூச்சியங்கள். கடவுச்சொல் 8 எழுத்திலிருந்து 63 வரை இருக்கலாம், இடம் தாராளம். ஒரே ஒரு தடை: ரோமன் எழுத்துகளை மட்டுமே பழைய ரூட்டர்கள் ஏற்கும். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதினால் போதும். ஆனால் பாட்டு வரியோ குறளோ வேண்டாம். புகழ்பெற்ற வரிகள் எல்லாம் தேடுபவர்களின் கையிலும் இருக்கும்.

விண்மீன்77 · சனி, இரவு 8.20

எல்லாம் சரி. ஆனால் நான் முதலில் சொன்னதை யாரும் எதிர்கொள்ளவில்லை. அந்த ரூட்டரின் ஃபர்ம்வேர், அதாவது உள்ளே இருக்கும் மென்பொருள், கடைசியாக எப்போது வந்தது? 2017 அக்டோபரில் மாத்தி வான்ஹூஃப் டபிள்யூபிஏ2வின் இணைப்பு முறையிலேயே ஓட்டையைக் காட்டினார், கிராக் என்று பெயர். 2021இல் அவரே ஃபிராக்அட்டாக்ஸ் என்ற இன்னொரு ஓட்டைத் தொகுப்பை வெளியிட்டார், அதில் சில குறைகள் 1997 தரத்திலிருந்தே தொடர்பவை. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் ஐந்து லட்சம் ரூட்டர்களுக்கு மேல் புகுந்தது. நீங்கள் ஏஇஎஸ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்வது சரியில்லை.

செப்புக்கம்பி · சனி, இரவு 9.37

தூங்கச் சொல்லவில்லை தம்பி. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கிராக் முக்கியமாகத் தாக்கியது சேரும் கருவியை. நான்கு செய்திகளில் மூன்றாவதை மறுபடி அனுப்பி, கைப்பேசியை ஏற்கெனவே பயன்படுத்திய சாவியையே புதிதுபோல நிறுவ வைப்பதுதான் அதன் சூட்சுமம். ஆகவே கைப்பேசியும் லேப்டாப்பும் புதுப்பிக்கப்பட்டிருந்தால் பெரும்பகுதி அடைபட்டுவிடும். ரூட்டர் தானே இன்னொரு ரூட்டரோடு இணைந்து ரிப்பீட்டராக இயங்கினாலோ, கருவிகள் ஒரு ரூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக இடம்மாறும் வசதியை வைத்திருந்தாலோ அதற்கும் ஆபத்து. அப்பா வீட்டில் ஒரே ரூட்டர். அதில் அந்த வசதி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்பாவின் கைப்பேசி எத்தனை வயது என்பதே எனக்கு அதிகக் கவலை. கடவுச்சொல்லை கிராக் வெளிக்கொணராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபிராக்அட்டாக்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ரூட்டரையும் சரிசெய்ய வேண்டும், 2011 ரூட்டருக்கு அந்தத் திருத்தம் வரப்போவதில்லை.

விபிஎன்ஃபில்டர் வைஃபை வழியாக வந்ததே இல்லை. அது இணையத்தின் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டு ரூட்டர்களுக்கு நேரும் கேடுகளில் பெரும்பகுதி அந்த வாசலில்தான் நடக்கிறது. வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைப்பது, கருவிகள் தாமாகவே ரூட்டரில் வெளிவாசலைத் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை அணைப்பது, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது ஆகியவை கைகொடுக்கும். ஃபர்ம்வேரிலேயே உள்ள ஓட்டையை எந்த அமைப்பாலும் அடைக்க முடியாது. அதனால்தான் ரூட்டரை மாற்றச் சொல்கிறேன். உங்கள் முடிவை மறுக்கவில்லை. இடையில் உள்ள மாதங்களைத்தான் பேசுகிறேன்.

இரவுக்காவல் · சனி, இரவு 11.58

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய ரூட்டர் இருந்தது. வைஃபை கடவுச்சொல் வலுவானது, டபிள்யூபிஏ2, எல்லாம் ஒழுங்கு. நிர்வாகக் கடவுச்சொல் மட்டும் பெட்டியில் வந்தபடியே இருந்தது. அமைத்துக் கொடுத்தவர் தொலைவிலிருந்து பழுது பார்க்க வசதி என்று வெளி நிர்வாகத்தையும் திறந்து விட்டிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் மனைவி வங்கியின் பக்கத்தைத் திறந்தபோது உலாவி சான்றிதழ் சரியில்லை என்று எச்சரித்தது. அவள் தொடராமல் என்னைக் கூப்பிட்டாள். என் கைப்பேசியில் வீட்டு வைஃபையில் அதே எச்சரிக்கை, மொபைல் டேட்டாவில் எதுவும் இல்லை. நிர்வாகப் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரிகள் இரண்டும் நாங்கள் பார்த்தே இராத எண்களாக மாறியிருந்தன. பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் இடம் அது. அங்கே பொய் சொல்பவரை உட்கார வைத்துவிட்டால், நாம் சரியான பெயரைத் தட்டச்சு செய்தாலும் தவறான வாசலுக்குப் போவோம்.

எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று இன்றுவரை தெரியாது. எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. அவள் "தொடர்க" என்று அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது. மலைச்சாரல், நாளை அங்கே இருக்கும்போது டிஎன்எஸ் முகவரிகளைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். தானாகப் பெறு என்று இருந்தால் நல்லது. எண்கள் எழுதியிருந்தால் அவை யாருடையவை என்று தேடிப் பாருங்கள்.

நூலகத்தார் · ஞாயிறு, காலை 7.10

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் கைவிட்ட பல ரூட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேரை ஏற்றலாம். 2004இல் தொடங்கிய திட்டம், இன்றும் திருத்தங்கள் வருகின்றன. ஆனால் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் மட்டுமே உள்ள கருவிகளுக்கு அதன் புதிய பதிப்புகள் பொருந்தாது. 2011இன் மலிவான ரூட்டர்கள் பல அந்த அளவில்தான் இருக்கும். அடியில் உள்ள ஒட்டுத்தாளில் மாடலின் பெயரோடு வி1, வி2 என்று பதிப்பும் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு மாறினால் உள்ளே இருக்கும் சில்லே வேறு. தவறான கோப்பை ஏற்றினால் ரூட்டர் இயங்காத செங்கல் ஆகிவிடும். முதல்முறை என்றால் அப்பாவின் ஒரே ரூட்டரில் முயல வேண்டாம்.

மலைச்சாரல் · ஞாயிறு, இரவு 10.16

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் திரும்பினேன், நடந்ததை எழுதுகிறேன்.

படங்கள் எடுத்தாயிற்று. இணைய இணைப்பின் கடவுச்சொல் அப்பாவின் நாட்குறிப்பில் 2011ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது. வயரில் இணைத்தேன். நிர்வாகக் கடவுச்சொல் நீங்கள் சொன்ன அதே "அட்மின்". டிஎன்எஸ் தானாகப் பெறும் நிலையில்தான் இருந்தது. அதைப் பார்க்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இரவுக்காவல். வெளி நிர்வாகம் மூடியிருந்தது. யூபிஎன்பியை அணைத்தேன்.

டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் போட்டுச் சேமித்தேன். என் கைப்பேசியில் எச்சரிக்கை மறைந்தது. வேகம் 22இலிருந்து 68. ஒரு ரூட்டரும் மாறவில்லை, ஒரு வயரும் மாறவில்லை. அப்பாவின் கைப்பேசி மட்டும் சேர மறுத்தது. பழைய வலையமைப்பை மறக்கச் செய்து மறுபடி சேர்த்ததும் சரியாயிற்று.

டபிள்யூபிஎஸ் அணைத்துவிட்டு ரூட்டரை நிறுத்தி இயக்கிய பிறகு செயலியில் பார்த்தேன், அந்த எழுத்துகள் போய்விட்டன.

பிரிண்டர் விஷயத்தில் நூலகத்தார் சொன்னதே நடந்தது. அதன் பட்டியலில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அதற்காகவா இத்தனை ஆண்டுகள் வீட்டின் பாதுகாப்பையும் வேகத்தையும் குறைத்து வைத்திருந்தோம் என்று வருத்தமாக இருந்தது.

படச்சட்டகத்துக்கு மட்டும் டபிள்யூபிஏக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கலப்பு முறைக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டகத்தின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். மெமரி கார்டு செருகும் இடம் இருந்தது. லேப்டாப்பிலிருந்து 340 படங்களையும் கார்டில் போட்டுச் செருகினோம். வைஃபை இல்லாமலே ஓடுகிறது. முன்பு ஓடாத பழைய படங்கள் சிலவும் இப்போது வருகின்றன. அப்பா எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஃபர்ம்வேர் கடைசியாக 2013. விண்மீன் சொன்னது சரிதான், மாற்றியே ஆக வேண்டும். ராம் 32 எம்பிதான், அதனால் ஓப்பன்டபிள்யூஆர்டி வழியும் இல்லை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விண்மீன்77 · ஞாயிறு, இரவு 10.50

68 என்று பார்த்ததும் எனக்கே மகிழ்ச்சி. இத்தனைக்கும் மேல் அந்தப் பெட்டியில் இவ்வளவு இருக்கும் என்று நான் எண்ணவில்லை.

வாங்கும்போது டபிள்யூபிஏ3 இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஜூலைக்குப் பிறகு வைஃபை சான்றிதழ் பெற்றவற்றில் அது கட்டாயம். தறிநெசவு எழுதிய அந்தப் பதிவு செய்துகொண்டு போய்ச் சோதிக்கும் தாக்குதல் அதில் செல்லாது. ஒவ்வொரு முயற்சிக்கும் ரூட்டரோடு நேரில் பேசியாக வேண்டும். அதைவிட முக்கியம், எத்தனை ஆண்டுகள் ஃபர்ம்வேர் திருத்தம் தருவோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கிறதா என்பது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அவசியம்.

செப்புக்கம்பி · ஞாயிறு, இரவு 11.14

ஒரே ஒரு சேர்க்கை. புதிய ரூட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு முறை இருக்கும். 2008 பிரிண்டருக்காக அதைத் தேர்வீர்கள், தவறில்லை, இங்கே பொதுச்செய்திகளும் ஏஇஎஸ்ஸில்தான் போகும். ஆனால் கலப்பு முறையில் சேரவே தடுமாறும் பழைய கருவிகள் உண்டு. பிரிண்டர் அப்படி முரண்டு பிடித்தால் அதற்கு மட்டும் விருந்தினர் வலையமைப்பில் டபிள்யூபிஏ2 கொடுங்கள், அல்லது அந்த லேன் வயர். முதன்மை வலையமைப்பைக் கீழே இறக்காதீர்கள்.

பழைய ரூட்டரைக் கொடுக்கும் முன் பின்னால் உள்ள துளையில் ஊசியை அழுத்திப் பிடித்து, விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும் வரை விடாதீர்கள். இணையக் கடவுச்சொல் அதற்குள்தான் இருக்கிறது.

மலைச்சாரல் · திங்கள், காலை 6.20

குறித்துக்கொண்டேன் ஐயா. புதிய வைஃபை கடவுச்சொல்லின் ஐந்து சொற்களையும் அப்பா அதே நாட்குறிப்பில், 2011ஆம் ஆண்டுப் பக்கத்தில், பழையதற்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார். பழையதை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார்.